ஐந்து... என்ன ஐந்து?

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை இதே இடத்தில் நான் எழுதியதை யாராவது வெட்டி வைத்திருக்கிறீர்களா? வைத்திருந்தால் எழுந்துபோய் அதை அடுப்பில் போட்டுவிட்டு வாருங்கள். தேத்தண்ணீர் ஆறினால் ஆறட்டும்.

போட்டாயிற்றா? உண்மையாக?

சரி, இனிச் சொல்கிறேன். பேய்க்கதை எழுதுகிறவர்கள் வாசகரைப் பயப்படுத்துவார்கள். நான் இன்றைக்கு வாசகரை நினைத்துப் பயந்துகொண்டு எழுதுகிறேன். இந்தப் பேப்பர் எங்கெங்கே போகிறது, யார் யார் வாசிக்கிறார்கள், வாசித்துவிட்டு என்ன செய்கிறார்கள்... இத்தனை வருடம் எழுதியும் நான் ஒருநாளாவது யோசித்ததுண்டா? இல்லை.

போன வாரம் எழுதியது நெல் மூட்டுப்பூச்சியைப் பற்றி. ஞாபகமிருக்கும். தை மாதம் கதிரில் பால் பிடிக்கிற நேரத்தில் வந்து உட்கார்ந்து, பாலை உறிஞ்சி, நமக்குச் சப்பியை, வெறும் பதரை, மிச்சம் வைக்கிற அந்தச் சனியன்தான். அதற்கு ஒரு புது மருந்து கூட்டுறவுச் சங்கக் கடைகளுக்கு வந்திருக்கிறது. போத்தலில் உள்ளதெல்லாம் இங்கிலீஷ். வாசிக்கத் தெரியாமல் எங்கள் கமக்காரர் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விவசாயப் போதனாசிரியரிடம் போய்க் கேட்டேன். அவர் பொங்கலுக்கு ஊருக்குப் போகிற அவசரத்தில் இருந்தார். இருந்தும் கதிரையில் உட்கார்ந்து, ஒரு துண்டில் எல்லாவற்றையும் எழுதித் தந்தார். ஒரு கலன் தண்ணீருக்கு, அதாவது நாலரை லீற்றருக்கு, எவ்வளவு மருந்து என்பதை எழுதி, அடியில் கோடும் இழுத்துத் தந்தார். எண் ஐந்து. அதன் பக்கத்தில் இரண்டு சின்ன இங்கிலீஷ் எழுத்து, சி.சி.

சி.சி. என்றால் கன சென்ரிமீற்றர். ஐந்து சி.சி. என்பது ஒரு தேக்கரண்டி. அவ்வளவுதான்!

நான் என்ன செய்தேன்? அந்த இரண்டு எழுத்தையும் இங்கிலீஷிலேயே எழுதி, கட்டுரையை ரெயில் தபாலில் போட்டேன். எங்கள் அச்சுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தமிழ் எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்று அச்சுக் கோர்க்கிறவர் இங்கிலீஷ் எழுத்தைக் கண்டால் அதை விட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. பெட்டியில் இல்லாத எழுத்துக்கு அவர் எங்கே போவார்? ‘எல்லாவற்றையும் தமிழில் எழுதி அனுப்பவும்’ என்று எனக்கு இரண்டுமுறை தபாலட்டை போட்டிருக்கிறார். அட்டை இரண்டும் என் மேசையிலேயே கிடக்கின்றன. ‘கன சென்ரிமீற்றர்’ என்று எழுத எனக்குப் பஞ்சி, சோம்பேறித்தனம். ரெயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கே ஒரு சாட்டும் சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாள் வவுனியாவில் ஒரு கலியாண வீடு. என் பேப்பரை நானே பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை கிளிநொச்சியில் வந்து இறங்கி, பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குள் போனேன். வடை சுற்றித் தந்த தாளைப் பிரித்தால், என்னுடைய பக்கம்! எண்ணெய் ஊறி, எழுத்து நன்றாகவே தெரிந்தது. எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும் என்று சிரித்துக்கொண்டே வாசித்தேன்.

‘ஒரு கலன் தண்ணீருக்கு மருந்து 5 கலந்து, காலை வேளையில் விசிறவும்.’

ஐந்து. பக்கத்தில் ஒன்றும் இல்லை.

அப்போதும் எனக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. எழுத்தை விழுங்கிவிட்டார்களே என்று நினைத்துக்கொண்டு வடையைக் கடித்தேன். அந்த நேரம் செல்லத்துரை உள்ளே வந்தார். தர்மபுரத்தில் என் அக்கா வீட்டுக்கு அடுத்த காணிக்காரர். உழவு மெஷினுக்கு டீசல் அடிக்க வந்தவர்.

“பேப்பர்த் தம்பி! உங்கட மருந்துக் கதை எங்கட பக்கமெல்லாம் ஒரே கதைதான். இண்டைக்குத் தொடங்கியாச்சு!” என்றார்.

“என்ன தொடங்கியாச்சு?”

“மருந்தடி. ஒழுங்கை முழுக்க மருந்தடிக்கிற மெஷின் ஒண்டுதானே, அதால தண்ணிமுறை மாதிரி முறை வைச்சுச் சீட்டுப் போட்டனாங்கள். முதல் சீட்டு ஆருக்கு விழுந்தது? உங்கட அத்தானுக்கு! மச்சான் எழுதினது, அத்தான்தானே முதல் அடிக்க வேணும் எண்டு எல்லாருக்கும் சிரிப்பு.”

நான் வடையைக் கீழே வைத்துவிட்டேன்.

“எவ்வளவு கலக்கிறியள்?”

“நீங்கள்தானே எழுதினனீங்கள்... கலனுக்கு அஞ்சு மூடி.”

உங்களில் குடியேற்றத் திட்டங்களில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே அரிசி என்றால் சுண்டு, மருந்து என்றால் மூடி. மாட்டுக்குப் பருக்கும் மருந்தா? அந்தப் போத்தலின் மூடியால் இரண்டு. பிள்ளைக்கு இருமல் மருந்தா? அதன் மூடியால் அரை. ‘மூடி’ என்று வாயால் சொல்லக்கூட மாட்டார்கள். ‘இரண்டு குடு’ என்பார்கள். கேட்கிறவருக்கு விளங்கும். இந்தப் பூச்சிமருந்துப் போத்தலின் மூடி பெரியது, நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். நாலு தேக்கரண்டி பிடிக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் போட்டேன், அந்தக் கடை வாங்கிலேயே உட்கார்ந்து. ஒரு தேக்கரண்டி போட வேண்டிய இடத்தில் இருபது! காற்றில் விசிறி, மூக்கால் இழுத்து, வெறும் கையால் கலக்கி...

“செல்லத்துரை அண்ணை, மெஷினை எடுங்கோ!”

“டீசல் அடிச்சிட்டு—”

“கிடக்கிற டீசலே காணும், போய்ச்சேரலாம். எடுங்கோ எண்டு சொல்லுறன்! அத்தான் செத்துப்போவார்!”

கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். செல்லத்துரை வெளியே ஓடினார். மெஷினுக்குப் பின்னால் பூட்டிய பெட்டியில் நான் தாவி ஏற, மெஷின் வெளிக்கிட்டது.

உழவு மெஷின் வயலுக்குச் செய்த சாமான். றோட்டில் அதை எவ்வளவு விரட்டினாலும் அது தன் பாட்டில்தான் போகும். பரந்தன் சந்தியில் திரும்பி முல்லைத்தீவு றோட்டில் ஏறினோம். ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திக்கொண்டு போனார். அவரைப் பிடித்து இறக்கிவிட்டு நான் ஏறலாமா என்று யோசித்தேன். ஒவ்வொரு மைல் கட்டையாக எண்ணிக்கொண்டு வந்தேன். கட்டையில் வெறும் எண்தான் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது மைல் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தத் தைரியத்தில்தானே நாங்கள் எல்லாரும் எழுதுகிறோம்!

வழியில் எனக்கு இன்னொரு மனிதர் நினைவுக்கு வந்தார். துணுக்காயிலிருந்து எழுதும் வாசகர் ஒருவர், ஓய்வுபெற்ற தபாலதிபர். சில மாதங்களுக்கு முன் எங்கள் பேப்பரில் ‘ராக்கெட் 300 உயரம் பறந்தது’ என்று ஒரு செய்தி வந்தது. அவர் உடனே கடிதம் போட்டார். ‘300 என்ன ஐயா? முழமா, மைலா, கிலோமீற்றரா? எண்ணை மட்டும் போட்டுவிட்டு அளவை நாங்களா தேடுவது?’ நான் அந்தக் கடிதத்தை இந்தப் பத்தியிலேயே போட்டு, ‘இவர் ராக்கெட்டில் ஏறப்போகிறாராக்கும்’ என்று நையாண்டி பண்ணினேன். நீங்களும் சிரித்தீர்கள். நன்றாயிருந்தது என்று ஏழெட்டுப் பேர் எழுதியும் இருந்தீர்கள்.

ஐயா, நான் அன்றைக்குச் சிரித்த சிரிப்புக்கு மெஷின் பெட்டியில் குலுங்கிக் குலுங்கி அனுபவித்தேன்.

தர்மபுரத்தில் அக்கா முற்றத்தில் நின்று மிளகாய் பரவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

“என்னடா தம்பி, சொல்லாமல் கொள்ளாமல்? பொங்கலுக்கு வரச்சொல்ல வரேல்லை, இப்ப—”

“அத்தான் எங்கை?”

“விடியவே வயலுக்குப் போயிட்டார். நீ எழுதினதை வெட்டி மடியில செருகிக்கொண்டெல்லோ போனவர்! ஏன், என்னடா? ஏன் உனக்கு இப்பிடி வேர்க்குது?”

நான் வயல் பக்கம் ஓடினேன். செல்லத்துரையும் ஓடிவந்தார். பின்னால் அக்கா “என்னடா? என்னண்டு சொல்லனடா!” என்று கத்திக்கொண்டு வந்தார்.

வயல் நல்ல பச்சை. கதிர் தலை சாய்க்கத் தொடங்கியிருந்தது. அத்தானைக் காணவில்லை. கூப்பிட்டேன், சத்தம் இல்லை. வாய்க்காலோரம் நாலைந்து தவளைகள் வயிறு தெரியப் புரண்டு கிடந்தன. அதைப் பார்த்ததும் வரம்பிலேயே நின்றுவிட்டேன். பயம் என்று எத்தனைமுறை இந்தப் பத்தியில் எழுதியிருக்கிறேன்... ஒன்றும் தெரியாமல் எழுதியிருக்கிறேன்.

செல்லத்துரைதான் முதலில் கண்டார். “அந்தா!” என்றார்.

அத்தான் வரம்பில் குந்தியிருந்தார். தலை முழங்காலில். மருந்தடிக்கிற மெஷின் பக்கத்தில் சரிந்து கிடந்தது. சட்டை முழுக்க நனைந்திருந்தது, வேர்வையா மருந்தா தெரியவில்லை. வாயோரம் வீணீர் வழிந்தது.

“அத்தான்!”

தலையை மெல்ல நிமிர்த்தினார். “ஆரது... தம்பியோ? வடிவாத் தெரியேல்லை. கண் மங்கலாக் கிடக்கு. இரண்டுதரம் சத்தி எடுத்துப்போட்டன்.”

“எவ்வளவு கலந்தனீங்கள்?”

“நீர் எழுதினபடிதான். அஞ்சு.”

“அஞ்சு என்ன, அத்தான்?”

“அஞ்சு மூடி. வேற என்ன?” என்றார். என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்கவும் பார்த்தார், முடியவில்லை. மறுபடி வாந்தி எடுத்தார்.

மூன்றுபேருமாகத் தூக்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோனோம். சட்டையைக் கழற்றி, அக்கா வாளி வாளியாக அள்ளி ஊற்ற, நான் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். பெட்டியில் வைக்கோல் போட்டுக் கிடத்தினோம். திரும்பவும் அதே றோட்டு, அதே மைல் கட்டைகள், இம்முறை என் மடியில் அத்தானின் தலை. அவருடைய மூச்சு கரகரவென்று கேட்டது. கேட்டுக்கொண்டிருந்தவரைக்கும் எனக்குத் தைரியம். மெஷின் சத்தத்தில் இடையிடையே கேட்காமல் போகும். அப்போதெல்லாம் குனிந்து மூக்கடியில் கையை வைத்துப் பார்ப்பேன். அக்கா அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அதைவிட அழுதிருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கண்மடலை நீக்கிப் பார்த்தார். “என்ன மருந்து? எவ்வளவு கலந்தவர்?” என்று கேட்டார். நான் வாயைத் திறக்க முன்னம் செல்லத்துரை கிணற்றடியில் அத்தானின் மடியிலிருந்து எடுத்த பேப்பர்த் துண்டை நீட்டினார். ஈரத் துண்டு. டொக்டர் வாசித்தார்.

“அஞ்சு... இதில அளவே இல்லையே. எந்த மடையன் எழுதினது?”

செல்லத்துரை என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

டொக்டர் துண்டை மேசையில் போட்டுவிட்டுத் திரும்பினார். “மிஸி, அந்த ஊசி. கெதியா. இரண்டு போடுங்கோ.”

மிஸி என்று அவர் கூப்பிட்ட தாதி முல்லைத்தீவுக் கரையோரத்துப் பெண். கழுத்தில் சின்னச் சிலுவை. ஊசியைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார்.

“இரண்டு என்ன, டொக்டர்?”

“என்ன கேள்வி இது? வழமையாக் குடுக்கிறதுதான்!”

“வழமையாக் குடுக்கிறதை வாயால சொல்லுங்கோ, டொக்டர்.”

அங்கே என் அத்தான் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறார். டொக்டருக்கு மூக்கு நுனியில் கோபம். அக்கா கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். இந்தப் பெண் அசையவில்லை! எனக்கே கத்த வேண்டும் போல் வந்தது — போடன் பிள்ளை, தெரிந்ததைத்தானே கேட்கிறாய்!

“இரண்டு சி.சி.” என்றார் டொக்டர்.

“இரண்டு சி.சி.,” என்று திருப்பிச் சொல்லிவிட்டு மிஸி ஊசியைப் போட்டார். அந்தக் கேள்விக்கு எடுத்த நேரம் ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும்.

பின்னேரம், அத்தானின் மூச்சு கொஞ்சம் சீராக வந்த பிறகு, விறாந்தையில் மிஸியிடம் கேட்டேன். “உங்களுக்குத் தெரிஞ்சதுதானே மிஸி... பிறகேன் கேட்டனீங்கள்?”

“எனக்குத் தெரியும் ஐயா,” என்றார். “ஆனா நான் நினைக்கிற இரண்டும் அவர் நினைக்கிற இரண்டும் ஒண்டோ எண்டு எனக்குத் தெரியாதே. பிழைச்சால் ஆரின்ர உயிர்?”

இதை நான் எத்தனை ஆசிரியர்களிடம் படித்திருக்க வேண்டும்? செய்தி எழுதுகிறவர்கள் நாங்கள். மழை ‘4 பெய்தது’ என்போம். ஆறு ‘6 உயர்ந்தது’ என்போம். வாசிக்கிறவருக்குத் தெரியும் என்று விட்டுவிடுவோம். தெரியும்தான். அவரவருக்குத் தெரிந்ததை அவரவர் போட்டு நிரப்பிக்கொள்வார்கள். என் அத்தான் மூடியைப் போட்டு நிரப்பினார்.

அன்றைக்கே ஆசிரியருக்குத் தந்தி அடித்தேன். ஆனால் தந்தி என்ன செய்யும்? வாரப் பேப்பர் ஞாயிற்றுக்கிழமைதானே வரும்! இடையில் நாலு நாள். கிளிநொச்சியில் நின்ற பஸ் கொண்டக்டர்மார் ஒவ்வொருவரையும் பிடித்து, போகிற வழியெல்லாம் சொல்லச் சொன்னேன். துணுக்காய்க்குச் சொல்லுங்கோ, மாங்குளத்துக்குச் சொல்லுங்கோ, சங்கக் கடைகளில் சொல்லுங்கோ... அவர்கள் சொன்னார்களா? டிக்கெட் கிழிக்கிற அவசரத்தில் சரியாகச் சொன்னார்களா? இந்த நாட்களில் வாசலில் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து ஓடிப்போய்ப் பார்க்கிறேன். எந்த ஊரிலிருந்து, யாரைப் பற்றி, என்ன செய்தியோ என்று. இதை எழுதுகிற இந்த நிமிடம்வரை ஒன்றும் வரவில்லை. வராமல் இருக்க வேண்டும்.

இனி மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் அத்தான் கண் தெளிந்து உட்கார்ந்தார். சோடா கேட்டுக் குடித்தார். நான் பக்கத்தில் போனதும் என் கையைப் பிடித்தார்.

“தம்பி, உம்மட பேரைக் கெடுத்துப்போட்டன்.”

“நீங்களோ? என்ன கதைக்கிறியள் அத்தான்?”

“ஓம். நீர் அஞ்சு எண்டு சரியாத்தான் எழுதியிருக்கிறீர். நான் பேயன், மூடியை விளிம்பு முட்ட ஊத்திப்போட்டன். அதுதான் கூடிப்போச்சு. இனிச் சனம் பேப்பரில பிழை எண்டெல்லோ கதைக்கப்போகுது. நீர் யோசியாதையும். பிழை என்ர எண்டு நான் எல்லாருக்கும் சொல்லுறன்.”

அந்த நேரம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அக்கா கஞ்சியோடு வந்தார். “தம்பி மட்டும் ஓடி வந்திராட்டி...” என்று சொல்லி என் தலையைத் தடவினார். அடுத்த கட்டில்காரர்கூட “நல்ல மச்சான்” என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். “சும்மா இருங்கோ அத்தான், கஞ்சியைக் குடியுங்கோ” என்று மட்டும் சொன்னேன். அவ்வளவுதான் என் வீரம்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரித் துண்டு வெட்டி அவரை வீட்டுக்கு விடுவதாக டொக்டர் சொல்லியிருக்கிறார். ஞாயிறு காலை வழக்கம்போலப் பேப்பரை விரித்து, முதலில் இந்தப் பக்கத்தைத்தான் வாசிப்பார். பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாகத்தான் வாசிப்பார். செல்லத்துரையும் வேலிக்கு அங்காலே நின்று கேட்பார். அதனால் எல்லோருக்குமாக, ஒரு எழுத்தும் குறையாமல், தமிழில் எழுதுகிறேன்:

ஒரு கலன் தண்ணீருக்கு மருந்து ஐந்து கன சென்ரிமீற்றர். அதாவது, வழித்த தேக்கரண்டி ஒன்று. மூடி அல்ல. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, காற்றுக்கு முதுகு காட்டி நின்று விசிறவும். விளங்காவிட்டால் விசிற வேண்டாம், பூச்சி தின்றால் தின்னட்டும்.

துணுக்காய்த் தபாலதிபர் ஐயா, உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இனி என் கட்டுரையில் வெறும் எண்ணைக் கண்டால் விடாதீர்கள், எழுதுங்கள். நான் நையாண்டி பண்ணமாட்டேன்.

அத்தான், நீங்கள் மூடியைச் சரியாகத்தான் நிறைத்தீர்கள்.